ஓவியத்துக்கும் பட்டம் உண்டு

மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து முடித்து ஒன்பது வருடம் ஆகிறதாம். ஒவ்வொரு தையிலும் ஆர்வமாக ஆரம்பிக்கிறார். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துபோக, விட்டுவிடுகிறார். ஆடியில் மறுபடி எடுக்கிறார். ஐப்பசி மழையில் தாள் நமத்துப்போகிறது. போன வருடம் நான்கு நீர்வண்ணப் படங்கள் பூசணம் பிடித்துவிட்டன. “வருடம் முழுக்க விடாமல் வரைகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? எனக்குத்தான் விடாமுயற்சி இல்லையா? தனி அறை கட்டி ஏ.சி. போட்டால்தான் முடியுமா?” என்று முடித்திருக்கிறார்.

ஏ.சி.யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் விடாமுயற்சி. ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு முறை ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆசை இல்லாதவர் இரண்டாவது வருடமே பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்பார். எனக்குத் தெரிந்தவரை உங்கள் சிக்கல் வேறு: ஒரே விதையை எல்லாப் பட்டத்திலும் போடுகிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஆடுதுறை 36, ஆடுதுறை 43 எல்லாம் 110 நாள் வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும், குறுவைக்கு அதுதான். சம்பாவுக்கு 150 நாளைத் தாண்டும் சி.ஆர். 1009 மாதிரி நீண்டகால ரகம் போடுவார்கள். வயல் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். ரகம் மாறுகிறது. குறுவை மழையில் மாட்டிக்கொண்டால் விவசாயி தன் உழைப்பைச் சந்தேகிப்பதில்லை. நாற்று விட்ட தேதியைத்தான் யோசிப்பார்.

கைத்தொழிலிலும் இது நம் பக்கத்துக்குப் பழக்கமான விஷயம். படிக்கிற காலத்தில் நான் கும்பகோணத்திலிருந்து சைக்கிளில் சுவாமிமலைக்குப் போய், ஸ்தபதிகள் பட்டறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சிலைக்கு முதலில் மெழுகில் உரு செய்வார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை அது. வெயில் காலத்தில் மெழுகு குழைந்துபோகும், அதனால் குங்கிலியத்தைக் கூட்டுவார்கள். குளிர்ந்த நாட்களில் விறைத்துப் பிளக்கும், அப்போது எண்ணெயைக் கூட்டுவார்கள். எடை போட்டு நான் பார்த்ததில்லை. விரலில் உருட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சிலையின் அங்கங்களுக்குத் தென்னை ஓலையை மடித்து எடுக்கிற அளவு மட்டும் எந்த மாதத்திலும் மாறாது. எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். ஆனால் புரிவதற்குப் பத்து வருடம் ஆயிற்று.

நான் சொல்ல வருவதும் அதே விஷயம்தான். உட்காரும் இடமும் பொழுதும் வருடம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். கையில் எடுக்கும் பொருள் மாதத்துக்கு ஏற்ப மாறட்டும். நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் இருக்கிறேன். இருபத்தேழு வருடமாக அதன் தாழ்வாரத்தில்தான் வரைகிறேன். காலை ஆறு மணி வாக்கில் பால் வாங்கி அடுப்பங்கரையில் வைத்ததும் நேராகப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அந்த முக்கால் மணி இருபது நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் பொழுது மாறவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றால் ஒரு நாள் ஐந்து நிமிடம் தாமதமானாலும் “இன்றைக்கு வேண்டாம்” என்று மனம் சொல்லிவிடும். பால் வராமல் இருக்காது. உங்கள் வீட்டில் எந்த வேலை தினமும் தவறாமல் நடக்கிறதோ அதோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் என்ன பெரிதாக வரைய முடியும் என்று தோன்றும். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு வழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்தவை அவை. பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏறினால்தான் சுவரோடு பிடிக்கும். அப்படியென்றால் அன்றன்றைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் சுண்ணாம்பு பூச முடியும். அத்தனை பெரிய சுவரும் ஒவ்வொரு நாள் துண்டாக ஏறியதுதான். நான் பெரிய கேன்வாஸ் எடுக்கும்போதும் முந்தின இரவே நாளைக்கு எந்த மூலை என்று முடிவு செய்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் யோசிக்க ஆரம்பித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று, பெண்கள் யாரும் வெளியில் சொல்லிக்கொள்ளாதது. நமக்கு நேரத்தைத் தின்பது வெயிலும் மழையும் மட்டும் இல்லை, கல்யாணங்களும்தான். ஆவணி, தை, வைகாசி என்றால் வாரம் ஒரு பத்திரிகை வரும். உறவில் கல்யாணம் என்றால் நாலு நாள் போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. இதைக் கவனித்த பிறகு, நீண்ட நேரம் தேவைப்படும் வேலைகளை அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். முகூர்த்த மாதங்களில் சிறிய தாள், சிறிய வேலை. அந்த மாதங்களில் பெரிய படத்தை ஆரம்பித்து நடுவில் விட்டால் வருகிற குற்ற உணர்ச்சிதான் நம்மை முழுசாக நிறுத்திவிடுகிறது.

சரி, மழைக்கு வருவோம். உங்களை அதிகம் அடித்தது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலே நிற்பது அதனால்தான். தாள் மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் அந்தப் பசை கெட்டுவிடும். பிறகு வண்ணம் வைத்தால் மையொற்றும் தாளில் சிந்தியதுபோல் திட்டுத்திட்டாக இறங்கும். பலரும் இதைத் தங்கள் கையின் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெட்ட தாளை மீட்க முடியாது, கரிக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே தாளை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வாங்கியதை, காற்று வறண்டிருக்கும் நாளாகப் பார்த்து, தடித்த பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். மழை பிடித்தபிறகு கட்டினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும்.

பூசணத்துக்கு வேண்டியவை ஈரமும் அசையாத காற்றும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேலேயே நாள்கணக்கில் நின்றால் அது துளிர்க்கத் தொடங்கிவிடும். கார்த்திகையில் நம் வீடுகளில் அதைவிட அதிகமாகவே இருக்கும். நீர்வண்ணத்தில் கோந்து இருக்கிறது, சிலவற்றில் தேனும் சேர்ந்திருக்கும்; பூசணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பாதுகாப்பு என்று நினைத்து நாம் படங்களை இரும்பு பீரோவில் வைத்து, பீரோவை வெளிச்சுவரை ஒட்டித் தள்ளி, மழை முடியும்வரை திறக்காமல் வைத்திருக்கிறோம். பூசணம் வளர்க்க வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். பீரோவுக்கும் சுவருக்கும் நான்கு விரற்கடை இடம் விடுங்கள். மழை ஓய்ந்து காற்று வீசும் நாளில் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைப் போடுங்கள். வண்ணக் கட்டிகளையும் வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடாமல், ஆறவிட்டு மறுநாள் மூடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு உதவாது. ராமபாணப் பூச்சிக்கு நான் அதையும் வைப்பதில்லை. வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து வைப்பேன். ஓலைச்சுவடிகளுக்கு வைக்கிற பழைய பொட்டலம் அது. வாசனை குறைந்ததும் மாற்றினால் போதும்.

அந்த நான்கு படங்களைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? ஈரத் துணியால் துடைக்க மட்டும் வேண்டாம், பூசணம் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். முதலில் நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயட்டும். பிறகு வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் மெதுவாகத் தட்டிவிடுங்கள். கறை முழுக்கப் போகாது. ஆனால் பரவுவது நின்றுவிடும். மற்ற படங்களோடு சேர்க்காமல் ஒரு மழைக்காலம் தனியாக வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், மழைக்காலத்தில் நீர்வண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீர்வண்ணத்துக்கு ஐப்பசியைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது. சித்திரையில் ஒரு வானத்தை ஈரமாகப் பூசிவிட்டு பிரஷ்ஷை மாற்றித் திரும்புவதற்குள் தாள் காய்ந்திருக்கும், ஓரத்தில் கோடு விழுந்திருக்கும். ஐப்பசியில் அதே பூச்சு இருபது நிமிடம் ஈரமாகவே காத்திருக்கும். ஈரத்தின்மேல் ஈரமாக வண்ணம் விட்டு, மேகம் தானாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சம்பா நட்ட வயலில் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், நடுவில் இளம்பச்சைக் கோடுகள் என்று எதிரே இருப்பதும் ஈரம்தான். போன வருடம் நீங்கள் அந்த மாதத்தில், காய்ந்த தாளில் கூர்மையான ஓரங்களோடு கட்டடங்கள் வரைய முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது பங்குனி வேலை. ஐப்பசியில் வயலையும் வானத்தையும் வரையுங்கள், கோயில் மதிலைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் செய்யக் கூடாதவை சில உண்டு. வார்னிஷ் பூசாதீர்கள், கரிக்கோடு கலையாமல் இருக்கத் தெளிக்கும் ஃபிக்சட்டிவையும் தெளிக்காதீர்கள்; காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள், ஈரத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டும் போச்சு. கேன்வாஸ் தளர்ந்திருந்தால் ஆப்பு அடித்து இறுக்கவும் வேண்டாம். காற்று உலர்ந்ததும் பெரும்பாலும் தானே இறுகும். தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், புடைப்பு வேலைக்கு வைக்கிற மக்குப் பசை காய வேண்டிய வேலைகளை இந்த மாதங்களில் எவ்வளவு தயங்கித் தயங்கிச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள்.

மார்கழியில் ஆறரை வாக்கில்தான் வெளிச்சம் வரும். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு கோடு மட்டும் போடுவேன். வண்ணம் கிடையாது. அந்த நேரத்தில் தெருவில் எல்லா வாசலிலும் கோலம் விழுந்துகொண்டிருக்கும். என் அம்மா இருபத்தோரு புள்ளிக் கோலத்தைக் குனிந்தபடியே ஒரே இழையில் முடிப்பார். சிறுமியாக இருந்தபோது அவர் விரல்களைத்தான் பார்ப்பேன். ஓவியம் படித்தபிறகுதான் தோள் எப்படி நகர்கிறது, கால் எங்கே மாறுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீண்ட வளைகோடு விரலிலிருந்து வராது. நின்றபடி, பெரிய தாளில், தோளிலிருந்து கோடு போடும் பழக்கத்தை மார்கழியில் செய்து பாருங்கள். செய்தித்தாள் போதும், கரி போதும்.

கோலத்திலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் கோலம் கிடையாது. நாட்கள் கழிந்ததும் மறுபடி சாணி தெளித்துப் புள்ளி வைப்பார்கள். நடுவில் நின்றுபோனதால் எந்தப் பெண்ணும் “எனக்கு இனிக் கோலம் வராது” என்று நினைத்ததில்லை. நிற்பதற்கும் ஒரு முறை இருந்தது, திரும்ப ஆரம்பிப்பதற்கும் ஒரு நாள் இருந்தது. நீங்கள் விடுமுறை எடுக்கும்போது அந்த நாளைக் குறித்துவிட்டு எடுங்கள். தேர்வு நேரம் என்றால் “தேர்வு முடிந்த மறுநாள் காலை” என்று பலகையில் எழுதி வையுங்கள். தேதி வைக்காமல் நிறுத்திய நிறுத்தங்கள்தான் எனக்கு மாதக்கணக்கில் நீண்டிருக்கின்றன.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு பாதி போய்விட்டது. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பதினோரு வருடக் கோட்டோவியங்கள் இருந்தன. நனைந்து ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. ஓரங்களில் மட்டும் சில பிழைத்தன. மின்சாரம் மூன்று வாரம் இல்லை. தெரு முழுக்கச் சாய்ந்த தென்னை. முதல் பன்னிரண்டு நாள் நான் எதையும் வரையவில்லை, வரைய மனமும் இல்லை. ஓடு பொறுக்குவதும், தண்ணீருக்கு நிற்பதும், பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சோறு கொண்டுபோவதுமாக நாள் போனது. பதின்மூன்றாம் நாள் காலை பால் வரவில்லை, ஆனாலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. வாசலில் ஒரு புளியமரம் விழுந்து கிளையெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. நம் நாட்டு ஓவியர்கள் புளியங்குச்சிக் கரியில்தான் கோடு போட்டிருக்கிறார்கள் என்று கல்லூரியில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. விரல் பருமன்கூட இல்லாத காய்ந்த குச்சிகளாக ஒடித்து, பிஸ்கட் தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, விறகு அடுப்பின் தணலில் வைத்தேன். துளையில் புகை வருவது நின்றதும் எடுத்து, முழுசாக ஆறியபிறகு திறந்தேன். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். அந்தக் கரியில் விழுந்த தென்னைகளை வரைய ஆரம்பித்தேன். முதல் நாள் கால் மணி நேரம்தான் முடிந்தது. அந்த மார்கழி முழுக்க அதே கரிதான். இன்றைக்கும் நான் கடையில் கரி வாங்குவதில்லை.

தை பிறந்ததும் எண்ணெய் வண்ணம். மாசி, பங்குனி முடிய அதுதான். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக் கெட்டியாகிறது. அதற்கு வெளிச்சமும் ஓடுகிற காற்றும் வேண்டும். டர்பன்டைன் நெடிக்கும் ஜன்னல் திறந்திருந்தாக வேண்டும், மழையில் அது நடக்காது. அம்பர் என்கிற பழுப்பு வண்ணம் சீக்கிரம் காயும், டைட்டேனியம் வெள்ளையும் தந்தக் கருப்பும் நாள் எடுக்கும். அதனால் அடிப்பூச்சில் அம்பரை வைத்துக்கொண்டால், காலை முக்கால் மணி வேலை மறுநாளோ அதற்கு மறுநாளோ மேல்பூச்சுக்குத் தயாராக இருக்கும். முடிந்த படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். இருட்டில் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்கு மிகவும் வேண்டியது என்று நினைக்கிறேன். ஒரு படம் முடிந்ததும் வருகிற வெறுமையில்தான் பலர் நின்றுபோகிறார்கள். சம்பாவும் தாளடியும் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கிற ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். நெல்லை அறுக்கும்போது உளுந்து ஏற்கெனவே இரண்டு இலை விட்டிருக்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து அதுவும் ஒரு மகசூல் கொடுத்துவிடும். அதை உழுது, தண்ணீர் பாய்ச்சித் தனியாக விதைப்பதில்லை. நான் ஒரு படத்தின் கடைசி வாரத்தில் இருக்கும்போதே அடுத்த படத்துக்கான சின்னக் கோட்டுப் படங்களை அதே பலகையின் ஓரத்தில் போட ஆரம்பித்துவிடுவேன். பேலட்டில் மிஞ்சிய வண்ணத்தில் அடுத்த கேன்வாஸுக்கு அடித்தளம் பூசிவிடுவேன். கையொப்பம் போடுகிற நாளில் அடுத்தது முளைத்திருக்கும்.

சித்திரையில் உங்களை நிறுத்தியது அக்ரிலிக். கத்திரி வெயிலில், அதாவது மே 4-இலிருந்து 28 வரை, மின்விசிறிக்கு அடியில் அக்ரிலிக் வைத்தால் நிமிடங்களில் தோல் கட்டிவிடும். மூடியுள்ள ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதன்மேல் வண்ணத்தை வையுங்கள். வேலை முடிந்ததும் மூடினால் மறுநாளும் ஈரமாக இருக்கும். கையின் வியர்வை படாமல் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பருத்தித் துண்டு. ஆனாலும் சித்திரையில் பெரிய படம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வயலில் அப்போது கோடை உழவு. நமக்கும் அப்படித்தான்: கேன்வாஸ் இழுத்துக் கட்டுவது, ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்ப்பது, சட்டம் செய்வது, பழைய படங்களை எடுத்துப் பார்த்துக் காற்றாட வைப்பது. ஜெசோ இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் மாதம் வேறு கிடையாது. இதையும் அதே காலைப் பொழுதில், அதே இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அன்றைக்கு வரையவில்லை என்று நினைக்க வேண்டியதே இல்லை.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ஓவியக்கூடத்துக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது, நேர்வெயில் வராது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் பூமத்திய ரேகையிலிருந்து 11 பாகை அளவில் இருக்கிறோம். ஏப்ரல் 19-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகலில்கூட அது நமக்கு வடக்கேதான். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் வந்து தாளின்மேல் விழும். அந்த மாதங்களில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்கள், வெளிச்சம் பரவி மெத்தென்று வரும். மழை இருட்டுக்கு எல்.இ.டி. விளக்கு வாங்கினால், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள். குறைந்ததில் சிவப்பும் பழுப்பும் செத்துத் தெரியும்.

ஆடி எளிது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருடம் என்றால் ஆடிக்குள் ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அம்மி நகரும் காற்றில் படம் வைக்கும் தாங்கி நிற்காது, தாளை நாலு பக்கமும் கிளிப் போட வேண்டும். பதினெட்டாம் பெருக்கன்று துலாக்கட்டத்தில் காதோலை கருகமணியோடு நிற்கிற பெண்களையும், சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளையும் வேகமாக வரைந்து பழகினால் உருவங்கள் பற்றிய பயம் போய்விடும். எனக்குப் போனது அப்படித்தான்.

இப்போது ஏ.சி. விஷயம். அது வேண்டாம். ஓடுகிறவரை அது காற்றை உலர்த்தும், உண்மை. ஆனால் நீங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் போட்டு வைக்கப் போவதில்லை. மூன்று மணி நேரம் குளிர்ந்த தாளும் கேன்வாஸும், நிறுத்தியதும் மழைக்காலக் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். தினமும் இப்படிச் சுருங்கி விரிவது, ஒரே சீரான ஈரத்தைவிடக் கெடுதல். அந்தப் பணத்தில் நல்ல பருத்தித் தாள் 300 ஜி.எஸ்.எம்.மில் கொஞ்சம், ஒரு ஸ்டாண்டு மின்விசிறி, ஒரு நல்ல விளக்கு, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். தனி அறையும் வேண்டாம். பலகையை எடுத்து வைக்க வேண்டியிராத ஒரு மூலை போதும், அது கண்டிப்பாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் விரித்து, சாப்பாட்டு நேரத்தில் சுருட்டி வைக்கிற படம் மூன்றாவது நாள் விரியாது. வீட்டில் பேசி, ஆறடிக்கு நாலடி இடம் வாங்கிவிடுங்கள். அதில் வேறு யாரும் துணி மடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

ஒரு கணக்கு நோட்டு போடுங்கள். தமிழ்த் தேதி, வானம் எப்படி, என்ன எடுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் காய்ந்தது என்று தினமும் ஒரு வரி. உங்கள் ஊர் கடலுக்கு இன்னும் பக்கம், உங்கள் வீட்டு ஈரம் என் வீட்டு ஈரம் இல்லை. நான் சொன்ன மாதங்கள் உங்களுக்குப் பத்து நாள் முன்னே பின்னே போகலாம். இரண்டு வருட நோட்டு சேர்ந்தால் அது உங்கள் வீட்டுக்கான பஞ்சாங்கம்.

இது ஆவணி. மழை பிடிக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரத்தில் நல்ல காற்று வீசும் ஒரு நாளாகப் பார்த்துத் தாள்களைக் கட்டி முடித்துவிடுங்கள். அதில் ஆறு தாளை மட்டும் தனி உறையில் போட்டு, மேலே “ஐப்பசி, வானம்” என்று எழுதி வையுங்கள்.